ஃபிளீஸ் என்றால் கம்பளி மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தவணை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஒரு பிள்ளை, "முகவர் கிராமத்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்" என்று எழுதியிருந்தாள். ஆங்கில வசனம் சொன்னதோ நேர் எதிர்: அந்த முகவர் ஊர்ச் சனத்தை ஏமாற்றி, இருந்த காசையெல்லாம் கறந்துகொண்டு போய்விட்டார். பிழை அவளுடையது இல்லை. அவள் கையில் இருந்த சின்ன அகராதியில் ஃபிளீஸ் (fleece) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே "கம்பளி" என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பல வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன், இடைக்கிடை மொழிபெயர்ப்பும் செய்கிறேன், ஆனால் இந்தச் சொல்லில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் அவள் எழுதிய அந்த வசனத்துக்குப் பிறகுதான் வடிவாக விளங்கியது. அதன்பின் வகுப்பிலும் வெளியிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஃபிளீஸ் என்றால் சரியாக என்ன? வூல் என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை. ஒரு செம்மறியாட்டின் உடம்பை மூடியிருக்கும் மயிர் முழுவதும், ஒரே போர்வையாகக் கழற்றி எடுத்தால் அது ஒரு ஃபிளீஸ். வூல் என்பது அந்த மயிர் என்ற பொருள். நிறுத்து விற்கலாம், நூலாக நூற்கலாம். பொச்சுமட்டைக்கும் தும்புக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தும்பை எண்ண முடியாது, மட்டையை எண்ணலாம். ஒரு தேங்காயை உரித்தால் அதன் மட்டை வருகிற மாதிரி ஒரு ஆட்டுக்கு ஒரு ஃபிளீஸ்.

எங்களுக்கு இது கண்ணால் காணாத விசயம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவர், வயிற்றுப் பக்கத்து மயிரை முதலில் தனியாக எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தோலை ஒட்டியபடியே கருவியை ஓட்டி ஒரே துண்டாகக் கழற்றுவார். மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்திருப்பதால் அது சிதறாது. அப்படியே அள்ளி, சலவைக்காரர் ஈர வேட்டியை உதறி விரிப்பதுபோல ஒரு மேசைமேல் வீசுவார்கள், அது ஆட்டின் உருவம் விரிந்து படுத்த மாதிரி விழும். பிறகு ஓரத்தில் இருக்கும் அழுக்கு மயிரைக் கழித்துவிட்டுத் தரம் பிரிப்பார்கள். ஒரு மெரினோ ஆட்டில் ஒரு தடவைக்கு நாலைந்து கிலோ வரும்.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் என் மச்சாள் ஒரு முறை வரும்போது, கழுவாத ஃபிளீஸில் ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். வெளிப்பக்கம் அழுக்குச் சாம்பல் நிறம், விரலால் பிரித்தால் உள்ளே பால் வெள்ளை. ஒவ்வொரு மயிரும் நெளி நெளியாக இருந்தது. இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, மணமோ அசல் ஆட்டுக்கொட்டில் மணம். அந்தப் பிசுக்குத்தான் லனோலின். உதட்டுக்கும் வெடித்த தோலுக்கும் பூசும் களிம்புகளில் சேர்ப்பது இதைத்தான்.

எப்படி உச்சரிப்பது?

முதல் ஒலி ஃப. அதைப் ப ஆக்கினால் "தயவுசெய்து" என்ற சொல்லுக்குக் கிட்டப் போய்விடும். கடைசி ஒலி ஸ், பாம்பு சீறுகிற மாதிரி. அதை அதிரவிட்டால் தெள்ளுப்பூச்சிகள் என்று பொருள் மாறிவிடும். நடுவில் நீண்ட ஈ. மொழியியல் படிக்கிற பிள்ளைகள் இந்தச் சொல்லை வேறொரு இடத்திலும் காண்பீர்கள். ஜோன் வெல்ஸ் என்ற ஒலியியலாளர் 1982 இல், ஆங்கிலத்தின் ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒரு மாதிரிச் சொல்லைப் பெயராக வைத்தார். நீண்ட ஈ ஒலிக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் ஃபிளீஸ். ஆகவே "ஃபிளீஸ் உயிர்" என்று எங்காவது வாசித்தால் ஆட்டைத் தேடாதீர்கள்.

இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் "ஃபிளேயொஸ்". ஜெர்மன், டச்சு இரண்டிலும் "ஃபிளீஸ்" என்றே இன்றும் கிட்டத்தட்ட அதே ஒலியோடு இருக்கிறது. அதாவது இது லத்தீனில் இருந்தோ பிரெஞ்சில் இருந்தோ கடன் வாங்கிய சொல் இல்லை, அந்த மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

அதற்கும் பின்னால் போனால் இன்னும் சுவையாக இருக்கிறது. லத்தீனிலும் வடமொழியிலும் ப என்று தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஃப என்று மாறி நிற்பது ஒரு ஒழுங்கான விதி. பிதா என்பது அங்கே ஃபாதர், பாதம் என்பது அங்கே ஃபுட். அந்த விதியின்படி ஃபிளீஸ் என்ற சொல்லைப் பின்னோக்கித் தள்ளினால் "ப்ளெ" என்று தொடங்கும் ஒரு மூலத்தில் போய் நிற்கும். அந்த மூலத்துக்குப் பொருள் பிடுங்குதல் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். இறகு என்பதற்கான லத்தீன் சொல் "ப்ளூமா"வையும் அவர்கள் இதோடு சேர்க்கிறார்கள். பறவையில் பிடுங்கினால் இறகு, ஆட்டில் பிடுங்கினால் ஃபிளீஸ்.

வூல் என்ற சொல்லின் வழி வேறு. அது வடமொழி "ஊர்ணா", லத்தீன் "லானா" ஆகியவற்றின் சகோதரி. லனோலின் என்ற பெயரில் இருப்பதும் அந்த லானாதான். சிலந்திக்கு "ஊர்ணநாபி" என்று ஒரு பெயர் உண்டே, தொப்புளில் கம்பளி நூல் வைத்திருப்பது என்று, அதுவும் இதே ஊர்ணாதான்.

பிடுங்குவதா? ஆட்டு மயிரைக் கத்தரிக்கத்தானே செய்வார்கள்?

இப்போது கத்தரிக்கிறார்கள். ஆனால் காட்டுச் செம்மறிக்கும் பழைய இன ஆடுகளுக்கும் வருடத்துக்கு ஒரு தடவை மயிர் தானாகவே கழன்று விழும். அந்தப் பருவத்தில் கையால் இழுத்தாலே, ஆட்டுக்கு நோகாமல், வந்துவிடும். இரும்புக் கத்தரிக்கோல் வருவதற்கு முன் அதுதான் வழி. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் சில ஆடுகளுக்கு இப்படிக் கையால் எடுக்கும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது.

எனக்கு இந்த விசயத்தில் மிகவும் பிடித்த சாட்சி ஒரு பழைய உரோமானியர். வாரோ என்பவர், இரண்டாயிரம் வருடத்துக்கு முன் விவசாயத்தைப் பற்றி எழுதியவர். லத்தீனில் ஃபிளீஸுக்கு "வெல்லுஸ்" என்று பெயர், பிடுங்குவதற்கு "வெல்லெரே". இதைக் காட்டி, கத்தரிப்பதற்கு முன் ஆட்டு மயிரைப் பிடுங்கித்தான் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தச் சொல்லே அத்தாட்சி என்று அவர் சொல்கிறார். மண்ணைத் தோண்டாமல் ஒரு சொல்லைத் தோண்டி வரலாறு எடுத்திருக்கிறார் மனுசன். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிற்காலத்தில் மனிதர்கள் மயிர் கழலாத ஆடுகளாகப் பார்த்துத் தெரிந்து வளர்த்துவிட்டதால், இன்றைய கம்பளி ஆட்டுக்குக் கத்தரிக்க ஆள் இல்லாவிட்டால் பெரும் துன்பம். 2015 இல் அவுஸ்திரேலியாவில் கன்பெராவுக்குப் பக்கத்தில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து திரிந்த ஒரு ஆட்டைப் பிடித்தார்கள், பிறகு கிறிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து எடுத்த ஃபிளீஸ் 40 கிலோவுக்கு மேல். ஒரு மூடை அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி அது நடந்திருக்கிறது.

எங்கள் ஊர்ச் செம்மறிக்கு ஏன் ஃபிளீஸ் இல்லை?

பூநகரிப் பக்கம் போகும்போது வீதியைக் குறுக்கே கடக்கும் செம்மறிக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்ணிறம், செம்மண் நிறம், சிலது வெள்ளை, உடம்பில் ஒட்டிய கட்டை மயிர். தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு என்றே நினைக்கத் தோன்றும், வால் தொங்குவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மறி என்று இந்த இனத்துக்கே கால்நடைத் துறையில் ஒரு பெயர் உண்டு. இது மயிர் ஆடு, கம்பளி ஆடு இல்லை.

காரணம் பெரிய புதிர் இல்லை. ஆதியில் எல்லாச் செம்மறிக்கும் வெளியே முரட்டு மயிரும் உள்ளே மெல்லிய பஞ்சு மயிரும் இருந்தன. குளிர் நாடுகளில் அந்த உள்மயிரைப் பெருக்கிப் பெருக்கி வளர்த்தார்கள். இந்தச் சித்திரை வெயிலுக்கு அந்தப் பஞ்சு எதற்கு? இங்கே ஆடு வளர்த்தது இறைச்சிக்கும் எருவுக்கும்.

அப்படியானால் தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?

ஆட்டுக்கு வேண்டிய அளவு சொல் இருக்கிறது: மறி, துருவை, தகர், ஏழகம், கடா. ஆனால் ஒரு ஆட்டிலிருந்து முழுதாகக் கழற்றிய மயிர்ப் போர்வைக்கு, நாங்கள் நாளாந்தம் கதைக்கிற தமிழில் தனிச்சொல் இல்லை. செய்யாத வேலைக்குச் சொல் எதற்கு?

கம்பளி என்பது வடமொழிக் "கம்பல"த்தின் வழி வந்தது, முதலில் நெய்த போர்வையைத்தான் குறித்தது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் குறும்பர்கள் குறும்பாட்டு மயிரில் நெய்கிற முரட்டுப் போர்வை இருக்கிறதே, அதுதான் அசல் கம்பளி. அதாவது கம்பளி என்பது வேலை முடிந்த பிறகு வருவது, ஃபிளீஸ் என்பது வேலை தொடங்குவதற்கு முன் இருப்பது. இந்த இரண்டையும் ஒன்றாக்குவது, நெல்லுக்குச் சோறு என்று பெயர் சொல்வது போல. கம்பளிப்பூச்சி என்று இந்தியத் தமிழர் சொல்வதை நாங்கள் மயிர்க்கொட்டி, மசுக்குட்டி என்கிறோம். கம்பளி எங்கள் வாழ்க்கையில் எவ்வளவு குறைவு என்பதற்கு இதையும் ஒரு அடையாளமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய தமிழில் இந்த இடத்தில் நின்ற சொல் மயிர். சிலப்பதிகாரத்தில் துணி விற்கும் மதுரை அறுவை வீதியைச் சொல்லும்போது "நூலினும் மயிரினும் நுழைநூற் பட்டினும்" என்று வருகிறது: பருத்தி, ஆட்டு மயிர் போன்றவை, பட்டு. மயிர்நீப்பின் வாழாக் கவரிமாவைத் திருவள்ளுவர் மானத்துக்கே உவமையாக வைத்தார். இப்போது அந்தச் சொல் வசைச்சொல்லாகிவிட்டது என்று பிள்ளைகள் எழுதக் கூசி உரோமம் என்று எழுதுகிறார்கள். கூசத் தேவையில்லை. ஆட்டு மயிர் என்று தைரியமாக எழுதுங்கள், நான் புள்ளி குறைக்க மாட்டேன்.

ஆட்டு மயிருக்கும் ஆளை ஏமாற்றுவதற்கும் என்ன சம்பந்தம்?

முழுச் சம்பந்தமும் இருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் ஃபிளீஸ் என்பது வினையாகவும் வழங்கியது. முதலில் ஆட்டின் மயிரைக் கழற்றுவது, கொஞ்ச வருடத்திலேயே ஒருவரிடம் இருப்பதையெல்லாம் கழற்றுவது. நாங்கள் "மொட்டை அடிச்சுப்போட்டான்" என்கிறோமே, அதே நினைப்பு. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே உவமைக்குப் போயிருக்கின்றன.

ஆனால் எல்லா ஏமாற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தாது. இரவில் மதில் ஏறிக் குதித்துச் சங்கிலியை எடுத்தால் அது களவு. ஃபிளீஸ் என்பதற்கு ஆடு தானாக வந்து நிற்க வேண்டும். நம்பிக்கையோடு, சிரித்துக்கொண்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன ஒரு முகவரிடம் என் சின்ன மாமா காணி ஈடு வைத்துக் காசு கட்டினார். அந்த முகவர் வீட்டுக்கு வருகிற நேரமெல்லாம் மாமி தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்து அனுப்புவா. கடைசியில் காசும் இல்லை, பயணமும் இல்லை. அந்த மூன்று வருடத்துக்குப் பொருத்தமான சொல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அநியாய விலைக்கும் இந்தச் சொல் வரும்: உல்லாசப் பயணிகளிடம் மூன்று மடங்கு வாங்குவது.

வரிக்கும் இந்த உவமை பழையது. மாகாணங்களில் வரியைக் கூட்டச் சொன்ன ஆளுநர்களுக்கு உரோமப் பேரரசர் திபேரியஸ், நல்ல மேய்ப்பன் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பான், தோலை உரிக்க மாட்டான் என்று எழுதினாராம். சுவெத்தோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் சொல்கிறார். இதை வாசித்ததும் எனக்குப் புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது: அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன வயலும் யானைக்குப் பல நாளுக்குக் காணும், யானை தானே புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது கூட. அவர்களிடம் ஆடு இருந்தது, எங்களிடம் யானையும் நெல்லும் இருந்தன.

அமெரிக்காவில் வில்லியம் புரொக்ஸ்மையர் என்ற செனற்றர், அரசாங்கம் மக்கள் பணத்தை வீணாக்கும் செலவுகளைத் தேடிப் பிடித்து 1975 முதல் 1988 வரை "தங்க ஃபிளீஸ்" என்ற பெயரில் விருது அறிவித்து வந்தார். கிரேக்கக் கதையும் மொட்டை அடிப்பதும் ஒரே பெயரில். தமிழில் இந்தச் சிலேடையைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை, கடைசிவரை முடியவில்லை.

அந்தத் தங்க ஃபிளீஸ் கதை என்ன?

கிரேக்கப் பழங்கதை. சிற்றன்னையின் கொடுமையில் இருந்து இரண்டு பிள்ளைகளைத் தங்க மயிர் ஆட்டுக்கடா ஒன்று முதுகில் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலால் பறக்கிறது. பெண்பிள்ளை ஹெல்லே இடையில் விழுந்துவிடுகிறாள், அந்த நீரிணைக்கு அவள் பெயர் வந்தது. பையன் கொல்கிஸ் என்ற நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கடாவைப் பலி கொடுத்துத் தோலை மரத்தில் தொங்கவிடுகிறான். அதை எடுத்துவரத்தான் ஜேசன் என்ற வீரன் ஆர்கோ என்ற கப்பலில் போகிறான். அந்தக் கடா பிறகு வானத்தில் ஒரு இராசியானது என்றும் கதை. எந்த இராசி? மேடம். சித்திரை வருடப்பிறப்பன்று சூரியன் புகுகிற அதே மேடம்தான்.

கொல்கிஸ் இன்றைய ஜோர்ஜியாவில் இருக்கிறது. அங்கே மலை ஆறுகளில் தங்கத் துகள் வருகிறது, ஊரவர்கள் மயிர் அடர்ந்த ஆட்டுத்தோலை ஆற்றில் போட்டுத் துகளைப் பிடிக்கிறார்கள், கதை பிறந்தது அதிலிருந்துதான் என்று ஸ்திராபோ என்ற பழைய புவியியலாளர் எழுதியிருக்கிறார். மச்சாள் தந்த அந்தப் பிடி மயிரில் ஒரு சின்ன மண் துகள்கூட உதறி விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபின் எனக்கு இது நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

1430 இல் பேர்கண்டிக் கோமகன் பிலிப் இதே பெயரில் ஒரு வீரர் சங்கத்தை பிரூஜ் நகரில் தொடங்கினார். கம்பளி வியாபாரத்தால் செழித்த ஊர் அது. நடுவில் கட்டித் தொங்கவிட்ட ஆட்டின் உருவம்தான் சின்னம்.

பைபிளிலும் வருகிறதாமே?

நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரம், கிதியோன் என்பவன் கடவுளிடம் அடையாளம் கேட்கிற இடம். இரவில் களத்தில் ஃபிளீஸை விரித்துவிடுகிறான். முதல் நாள் அது மட்டும் பனியில் நனைந்து, பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். அடுத்த நாள் நிலமெல்லாம் ஈரம், அது மட்டும் காய்ந்திருக்கிறது. தமிழ்ப் பைபிளில் "மயிருள்ள ஆட்டுத்தோல்" என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் கத்தரித்தல் என்ற வினையிலிருந்து வந்தது, ஆகவே தோல் இல்லாத, கத்தரித்த மயிர் என்று கொள்வதற்குத்தான் கூடுதல் இடம் இருக்கிறது. அதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆங்கிலத்திலேயே ஜேசன் கொண்டுவந்தது தோலோடு சேர்ந்த ஃபிளீஸ்தான், இரண்டுக்கும் ஒரே சொல். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் இருந்து பைபிளைத் தமிழாக்கிய நாட்களில் இப்படி எத்தனை சொல்லோடு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

மேகத்துக்கும் இந்தச் சொல்லைச் சொல்வார்களா?

சொல்வார்கள். வெள்ளைப் பஞ்சுத் திட்டுகளாக நிற்கும் மேகம். நாங்கள் பஞ்சு மேகம் என்கிறோம், அதுவே போதும்.

மொழிபெயர்க்கும்போது என்ன எழுதுவது?

இடத்தைப் பாருங்கள். ஆட்டின் மேல் இருந்தால் "ஆட்டு மயிர்". கழற்றி எடுத்தது என்றால் "ஒரு ஆட்டின் முழு மயிர்" என்று கொஞ்சம் நீட்டி எழுதுங்கள், நீளம் குற்றமில்லை. ஜேசன் கதைக்குத் "தங்க மயிர்த்தோல்". ஆளைச் செய்தது என்றால் "மொட்டை அடித்தார்", கொஞ்சம் கண்ணியமாக வேண்டுமென்றால் "உள்ளதையெல்லாம் கறந்துவிட்டார்". உடுப்பு என்றால் ஃபிளீஸ் என்றே விட்டுவிடுங்கள்.

ரொறன்ரோவில் இருந்து அண்ணா அனுப்பிய ஃபிளீஸ் ஜக்கெட் ஆட்டு மயிரா?

இல்லை. அதில் ஆடே இல்லை. பொலியெஸ்டர் துணியைச் சின்னக் கம்பிப் பற்களால் வாரி, நூலின் முனைகளைக் கிளப்பிப் பஞ்சுபோல ஆக்குவார்கள். அந்தப் பஞ்சுக்குள் காற்று அகப்பட்டு நிற்கும், சூடு அதில்தான். அமெரிக்காவில் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில் இருந்த மோல்டன் மில்ஸ் என்ற ஆலை 1980 ஆம் ஆண்டை ஒட்டி இதைக் கொண்டுவந்தது. ஆட்டின் போர்வையைப் போல இருக்கட்டும் என்று பெயரையும் ஆட்டிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1995 டிசம்பரில் அந்த ஆலை எரிந்தபோது உரிமையாளர் ஆரன் ஃபொயர்ஸ்டீன், வேலை இல்லாத நாட்களுக்கும் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுத்தார். ஒரு சொல்லுக்கு "ஆளை உரித்தெடு" என்ற பொருளும் இருக்கும்போது, அந்தச் சொல்லைத் துணிக்கு வைத்த ஆலையில் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

1993 இல் பட்டகோனியா என்ற நிறுவனம் வெறும் சோடாப் போத்தல்களை உருக்கி எடுத்த நூலில் இந்தத் துணியைச் செய்யத் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போது அந்த ஜக்கெட்டைத் தாராளமாகக் கொண்டுபோங்கள், பாரம் இல்லை, நனைந்தாலும் கெதியில் காயும். ஒரு விசயம் மட்டும் கவனம். ஆட்டு மயிர் இலேசில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் கருகி நிற்கும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். குளிருகிறது என்று அதைப் போட்டுக்கொண்டு அம்மாவை விறகடுப்புக்குக் கிட்ட நிற்க விடாதீர்கள்.